எண்பது கம்பி என்று பயாஸ் சொன்னது

பழைய அலுவலகத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சென்ற மாதம் நந்தினி ஒரு செய்தி போட்டாள். என்னிடம் வேலை கற்றுக்கொண்டு, இப்போது வேறொரு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவள். "சார், இயங்குதளத்தோட புது வெர்ஷன்ல பழைய ஹார்ட் டிஸ்க் டிரைவர் எல்லாத்தையும் மொத்தமா எடுத்துடறாங்க. கேபிள் கண்டுபிடிக்கிற அந்தப் பகுதியும் போகுது. நீங்க எத்தனை வருஷம் அதோட மல்லுக்கட்டினீங்க! ஏதாவது எழுதுங்களேன். புதுசா வந்தவங்களுக்குக் காட்டலாம்" என்று எழுதியிருந்தாள். அதன் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

அவள் கேட்டது சுவையான பழைய கதை. எனக்கோ அந்தப் பகுதியை நினைத்தால் தேவராஜ்தான் வருகிறார். அவரை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன். நாலு வரிக்கு மேல் போகவில்லை. அதனால் அவரை வைத்தே எழுதுகிறேன். புதிதாக வந்தவர்களுக்குக் காட்டுவதா வேண்டாமா என்பதை நந்தினி முடிவு செய்துகொள்ளட்டும்.

நான் விருதுநகர்ப் பக்கம். பாலிடெக்னிக் முடித்து, யூபிஎஸ் ரிப்பேர் பார்த்து, அஞ்சல் வழியில் மேற்கொண்டு படித்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வந்து ஒட்டிக்கொண்டேன். ஓய்வு பெறும்வரை அதே கம்பெனிதான். தொழிற்சாலைச் சுவர்களில் மாட்டும் கம்ப்யூட்டர் பெட்டிகளை அங்கே செய்தோம். என் வேலை டிரைவர் எழுதுவது. பருத்திப்பட்டில் நான் குடிவந்த அடுக்ககத்தில் பல காலம் என்னை வண்டி ஓட்டுபவன் என்றே நினைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரின் இயங்குதளம் ஹார்ட் டிஸ்கோடு பேசுவதற்கு நடுவில் ஒரு நிரல் வேண்டும். அதற்குப் பெயர்தான் டிரைவர்.

அந்தக் காலத்து டிஸ்கை மதர்போர்டோடு இணைத்தது சாம்பல் நிறப் பட்டைக் கேபிள். அதில் இரண்டு வகை. ஒன்றில் நாற்பது கம்பி, மற்றதில் எண்பது. சொருகும் வாய் இரண்டுக்கும் ஒன்றேதான். கூடுதலாக உள்ள நாற்பது கம்பிகளும் எந்தத் தகவலையும் சுமப்பதில்லை. பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளின் மின்சாரச் சத்தம் ஒன்றில் ஒன்று கலக்காதபடி இடையில் நிற்பதே அவற்றின் வேலை. வேகமாக அனுப்ப வேண்டுமானால் எண்பது கம்பி வேண்டும். நாற்பதில் அதே வேகத்தில் அனுப்பினால் தகவல் கலங்கிப்போகும். கலங்கியதைத் திரும்ப அனுப்பு என்று டிஸ்க் கேட்கும், டிரைவர் அனுப்பும், மறுபடி கலங்கும். அது தீரும்வரை பெட்டி உறைந்து நிற்கும்.

ஆகவே எந்தக் கேபிள் மாட்டியிருக்கிறது என்று டிரைவருக்குத் தெரிந்தாக வேண்டும். சொருகும் வாயில் பின் என்று சொல்லும் ஒரு முள்ளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் போர்டு செய்தவர் அந்த முள்ளிலிருந்து ஒரு இணைப்பை இழுத்து வைத்திருக்க வேண்டும். பல போர்டுகளில் இழுத்திருக்க மாட்டார்கள். அப்போது பயாஸ் என்ன செய்து வைத்திருக்கிறது என்று பார்ப்போம். மின்சாரம் வந்ததும் முதலில் விழிக்கும் நிரல் அதுதான். டிஸ்குக்கு இன்ன வேகம் என்று குறித்து வைத்துவிட்டு ஒதுங்கிவிடும். பின்னால் வரும் டிரைவர் அந்தக் குறிப்பைப் படிக்கும். அதிவேகம் என்று இருந்தால், பயாஸ் கேபிளைப் பார்த்திருக்கிறது, எண்பது கம்பிதான் என்று எடுத்துக்கொள்ளும்.

எங்கள் பிரிவுக்குத் தலைவி கமலவேணி மேடம். கோயம்புத்தூர்க்காரர். யாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு விசாரித்ததில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து நம் பக்கத்தில் உட்காருவார். நாம் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, குரலை உயர்த்தாமல், "யாருங்க சொன்னது?" என்பார். சோதனைப் பிரிவில் சொன்னார்கள் என்றால், "அவங்களுக்கு யாருங்க சொன்னது?" கண்ணால் பார்த்த ஒருவர் கிடைக்கும்வரை விடமாட்டார். முதல் வருடம் எனக்கு அது அவமானமாக இருந்தது. பிறகு வீட்டிலும் நான் அப்படியே கேட்க ஆரம்பித்து, மனைவியிடம் திட்டு வாங்கினேன்.

பயாஸை நம்புவது என்ற முடிவும் அப்படிக் கேட்டுக் கேட்டு எடுத்ததுதான். ஒருமுறை கையடக்கமான ஒரு பெட்டி வந்தது. உள்ளே விரல் நீளக் கேபிள், நாற்பது கம்பி. எங்கள் டிரைவர் முள்ளைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தது, வாங்கியவர்கள் கத்தினார்கள். பயாஸ் மட்டும் அதிவேகம் என்று குறித்து வைத்திருந்தது. பயாஸ் சொன்ன வேகத்திலேயே நாள்கணக்கில் ஓட்டிப் பார்த்தோம். ஒரு பிழை இல்லை. கேபிள் அவ்வளவு குட்டையாக இருந்தால் சத்தம் கலக்க நேரமே இல்லை. பெட்டியைச் செய்தவருக்கு அது தெரிந்திருந்தது. "பொட்டியச் செஞ்சவங்களுக்குத்தாங்க அதோட கேபிள் தெரியும். நாம வெளியாளுங்க" என்றார் மேடம். சந்தேகம் வந்தால் பயாஸின் பேச்சே கடைசி என்று எழுதினோம். அன்று கையில் இருந்ததை வைத்துப் பார்த்தால் சரியான முடிவு. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

தொழிற்பேட்டையின் பின்பக்கத் தெருவில் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை. இரும்புப் பாகங்களை உலையில் பழுக்கக் காய்ச்சி, கூடையோடு எண்ணெய்த் தொட்டிக்குள் இறக்குவார்கள். எண்ணெய் நூறு டிகிரிக்கு மேல் சூடாகியிருந்தால் கூடையை இறக்கக் கூடாது, பற்றிக்கொள்ளும். அந்தச் சூட்டைக் காட்டுவதற்கு எங்கள் பெட்டி சுவரில் தொங்கியது. கூடையை இறக்குபவர் தேவராஜ். ஊர் வெள்ளானூர். அப்பா அம்மா இரண்டு பேரும் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியவர் அவர்தான். பெட்டியைப் பார்க்கப் போகும்போது எங்களுக்கு டீ வாங்கி வருவார். "உங்க டிவி சூப்பரா ஓடுது சார்" என்பார். எங்கள் பெட்டிக்கு அவர் வைத்த பெயர் டிவி.

ஒரு பகல் ஷிப்டில் தொட்டி பற்றிக்கொண்டது.

மறுநாள் மேடமும் நானும் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்குப் போனோம். இரண்டு கைகளிலும் முழங்கைவரை கட்டு. ஒரு கண்ணை மூடிக் கட்டியிருந்தார்கள். மனைவி மல்லிகா கட்டிலருகே நின்று விசிறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தேவராஜ் எழப் பார்த்தார்.

"அறுபத்திரெண்டு காட்டுச்சு மேடம். நா நல்லா பாத்தேன். அறுபத்திரெண்டுனு பாத்துகினுதான் கூடைய எறக்குனேன்."

"அதுக்கு முன்னாடி எவ்வளவுங்க காட்டுச்சு?"

அவர் யோசித்தார். "அதுக்கு முன்னாடியும் அதான் மேடம். பாக்கும்போதெல்லாம் அறுபத்திரெண்டுதான் கீது. நா கூட இன்னாடா இன்னிக்கு ஒரே மேனிக்கு கீதுன்னு நெனச்சேன்."

"யார்னா கேக்குறாங்களா பாருங்க," என்றார் மல்லிகா. "நீ பாக்காம எறக்கிட்டேன்னு ஓனரு ஆளுங்க காலைலயே வந்து சொல்லிட்டுப் போறாங்க. நெருப்புல வெந்தவன் பொய்யா சொல்லுவான்?"

வெளியே வந்ததும் மேடம் நடையை நிறுத்தினார். "எண்ணெய்ச் சூடு ஒரே எடத்துல நிக்காதுங்க. கூடை எறங்குனா ஏறும், கூலிங் பம்பு ஓடுனா எறங்கும். ஒரே எண் நின்னுட்டிருந்துச்சுன்னா அது எண்ணெயில்லீங்க. நம்ம பொட்டி நின்னிருக்கு."

பெட்டியை வாங்கி வந்தோம். வெளியே கரி, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. நான் சுவிட்சைப் போடப் போனேன். மேடம் தடுத்து, முதலில் மூடியைக் கழற்றச் சொன்னார். கேபிளின் ஓரத்தை நகத்தால் வருடினேன். பெரிய பெரிய வரியாகத் தட்டுப்பட்டது. நாற்பது கம்பி. எங்களிடமிருந்து போகும்போது எண்பதுதான் இருந்தது. இடையில் டிஸ்க் பழுதாகி, டீலரின் ஆள் புது டிஸ்க் போட்டபோது பையிலிருந்த கேபிளை மாட்டியிருக்கிறார். வாய் பொருந்தியது, ஓடியது, போய்விட்டார். அவரைக் குறை சொல்ல வழியில்லை.

பிறகு போர்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். அந்த முள்ளிலிருந்து எந்த இணைப்பும் போகவில்லை. இரண்டு கேபிளையும் மாற்றி மாற்றி மாட்டிப் பயாஸின் குறிப்பைப் படித்தேன். எதை மாட்டினாலும் அதிவேகம். அந்தப் பயாஸ் கேபிளைப் பார்ப்பதே இல்லை. போர்டு செய்தவர் அந்தக் குறிப்பை அச்சடித்த மாதிரி வைத்துவிட்டிருந்தார். எங்கள் டிரைவர் அதைப் படித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் எண்பது கம்பிக் கேபிள் என்று நிச்சயமாக எழுதி வைத்திருந்தது. அந்த வரியை மேடமிடம் காட்டினேன்.

"யாருங்க சொன்னது?"

"டிரைவர் மேடம்."

"டிரைவருக்கு?"

"பயாஸ்."

"பயாஸுக்கு?"

"யாருமே பாக்கலீங்க," என்று மேடமே சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார்.

நிர்வாக இயக்குநருக்குக் காட்டுவதற்காக மேசையில் எல்லாவற்றையும் அடுக்கினோம். மின்சாரக் கெட்டிலில் தண்ணீர், அதற்குள் வெப்பம் அளக்கும் கம்பி, கேபிளில் மின்சாரச் சத்தத்தைக் கிளப்பப் பக்கத்தில் பட்டறையில் உள்ளது போல ஒரு பெரிய மோட்டார். எண்பது கம்பிக் கேபிளில் எண்கள் ஒழுங்காக ஏறின. நாற்பது கம்பியை மாட்டி மோட்டாரைப் போட்டேன். எங்கள் பெட்டி ஒவ்வொரு அளவையும் டிஸ்கில் எழுதிய பிறகே திரையில் காட்டும். ஒரு அளவுகூடத் தவறக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருந்தோம். டிஸ்கோடு பேச்சு சிக்கியதும் திரை நின்றது. நாற்பத்தொன்று. தண்ணீர் இரையத் தொடங்கியது, கொதித்தது, மூடி ஆடியது. திரையில் நாற்பத்தொன்றுதான்.

இயக்குநர் தானே கை நீட்டி கெட்டிலை அணைத்தார். கெட்ட மனிதரில்லை, என் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு அலைந்தவர். "நிரூபிச்சிட்டீங்க. இப்ப இதை யார்கிட்ட சொல்லப் போறீங்க? இதே பெட்டி எத்தனை இடத்துல மாட்டியிருக்கு தெரியுமில்ல? தொட்டியிலயே டயல் இருக்கு. ரெண்டையும் பாக்கணும்னு கையேட்டுல போட்டிருக்கோம். அவர் பாக்கல."

"அந்த டயல் மேல கரி அப்பியிருக்குங்க. போன வருசத்துல இருந்தே அப்படித்தான் இருக்குதாம். நான் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன்," என்றார் மேடம்.

"அது அவங்க பட்டறை விவகாரம் மேடம்."

மேடம் பட்டறை முதலாளியிடம் நேராகப் போனார். அவர் மோர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டு, கடைசியில் சொன்னாராம்: விசாரணை முடிந்துவிட்டது, ஆளே தன் தவறு என்று ஒத்துக்கொண்டுவிட்டான். மேடம் திரும்பி வந்து என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "அவரு ஏங்க அப்படிச் சொல்லணும்? வாங்க, போய்ப் பாக்கலாம்," என்றார்.

வெள்ளானூரில் அப்போது வீடுகளைவிட வெற்று மனைகள்தான் அதிகம். ஓடு வேய்ந்த சின்ன வீடு. தேவராஜ் கட்டு பிரித்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒரு கண் போய்விட்டது. மேடம் தரையில் அவர் எதிரே உட்கார்ந்து, கெட்டிலில் பார்த்ததை எல்லாம் அவருக்குப் புரியும்படி சொன்னார். "நீங்க சொன்னது நெசங்க. திரை அறுபத்திரெண்டுலதான் நின்னுச்சு. எங்க பொட்டியோட தப்பு. எங்க வேணாலும் வந்து நான் சொல்றேன்."

தேவராஜின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அதை நான் பார்த்தேன். மனைவியை ஏறிட்டுப் பார்த்தார். அவ்வளவுதான், மலர்ந்தது அணைந்துவிட்டது.

"வேணாம் மேடம்."

"ஏனுங்க?"

"ஆஸ்பத்திரிலயே காயிதம் கொண்டாந்தாங்க. என் தப்புதான்னு சொன்னா கேட்டாண்ட வாட்ச்மேன் வேலை. வைத்தியச் செலவும் அவங்களே பாத்துக்கறாங்க. கேசு கீசுன்னு போனா ஒண்ணுங் கெடியாது. இந்தக் கைய வெச்சிகினு நா வேற எங்க போவேன்?"

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

மல்லிகாதான் பதில் சொன்னார். "கைதான் கட்டு போட்டுகினு கெடந்துச்சே. கால் கட்டவெரல்ல மைய தடவி வாங்கிகினு போனாங்கம்மா." அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. "நீங்க நல்லவங்க. இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க போய் உண்மைய சொன்னா இவுருக்கு கண்ணு வருமா? இருக்கிற வேலையும் பூடும். யாராண்டயும் சொல்லாதீங்கம்மா. உங்க கால்ல உழறேன்."

உண்மையில் விழப் போனார். மேடம் அவர் தோள்களைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். திரும்பும்போது பஸ்சில் மேடம் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். ஆவடி தாண்டியதும், "நாம கண்டுபிடிச்சது யாருக்குமே வேண்டாங்களே," என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

ஊருக்குச் சொல்ல முடியாவிட்டாலும் டிரைவரையாவது மாற்றலாம் என்று மாற்றினார். முள்ளை டிரைவரால் பார்க்க முடியாத போர்டில் பயாஸ் என்ன சொன்னாலும் நம்பாதே, நிதானமாகவே ஓட்டு. நான்தான் எழுதினேன், அவர் வரிவரியாகச் சரிபார்த்தார். சில மாதங்கள் அது எல்லாப் பெட்டிகளுக்கும் போனது. பெட்டி மெதுவாகிவிட்டது என்று டீலர்கள் புகார் சொன்னார்கள். ஏன் மெதுவாக்கினோம் என்று அவர்களுக்குச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. ஒருநாள் பழையபடியே மாற்றச் சொல்லி இயக்குநரிடமிருந்து உத்தரவு வந்தது. மேடம் மறுத்தார். வேலை வேறொரு பிரிவுக்குப் போனது. அவர்கள் பழைய வரியைத் திரும்ப வைத்தார்கள். என்னை லாரி நிறுக்கும் எடைப்பாலத்துப் பெட்டிகளுக்கு மாற்றினார்கள். மேடம் ராஜினாமா செய்துவிட்டுக் கோயம்புத்தூர் போய்விட்டார். தொலைபேசியில் சில தடவை பேசினோம். அந்தப் பேச்சை எடுக்காமல் பேச எங்களிடம் வேறு எதுவும் இல்லை என்று தெரிந்தபோது நின்றுவிட்டது. அவர் இறந்த செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாளும் முடிந்திருந்தது.

வேறு இடங்களில் அந்தப் பெட்டிகள் என்ன செய்தன என்று எனக்குத் தெரியாது. எங்கெல்லாம் திரை நின்றதோ, யாரெல்லாம் தங்கள் கண்ணையே சந்தேகப்பட்டார்களோ. ஒரு கட்டத்தில் அந்த வகைக் கேபிளே ஒழிந்து மெல்லிய கேபிள்கள் வந்தன. யாரும் திருத்தாமலே தவறு காலாவதியாகிப் போனது.

நந்தினியின் செய்தி வந்த வாரம் வெள்ளானூர் போனேன். அடுக்ககங்களுக்கு நடுவே அந்த வீடு இன்னும் இருக்கிறது. ஓட்டுக்குப் பதில் தளம். தேவராஜ் கேட் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் குரலை வைத்தே என்னைக் கண்டுகொண்டார். கொஞ்ச நேரம் மழை, முட்டி வலி என்று பேசினோம். பிறகு நான் சொன்னேன்: இனிமேல் சொல்லலாம், உங்கள் வேலையை யாரும் பறிக்க முடியாது, அந்தப் பெட்டியே உலகத்தில் இல்லை, திரை நின்றுபோயிருந்தது, நீங்கள் சரியாகத்தான் பார்த்தீர்கள்.

அவர் சிரித்தார். துக்கம் விசாரிக்க வந்தவர் ஆறுதல் சொல்லும்போது கேட்டுக்கொள்வோமே, அப்படிக் கேட்டுக்கொண்டார்.

"இல்ல சார். டிவி நல்லாதான் ஓடிகினு இருந்துச்சு. நூத்தி எம்பது காட்டுச்சு. நாதான் பராக்கு பாத்துகினு கூடைய எறக்கிட்டேன்."

"ஆஸ்பத்திரியில அறுபத்திரண்டுன்னு சொன்னீங்களே தேவராஜ்."

"அப்டியா சொன்னேன்?" புருவத்தைச் சுருக்கி யோசித்தார். நடிப்பில்லை. "பயத்துல பொய் சொல்லிருப்பேன் சார்."

மல்லிகா உள்ளேயிருந்து வந்து வாசற்படியில் நின்றார். அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது, கண்ணிலேயே தெரிந்தது. வேண்டாம் என்று எனக்குத் தலையை மட்டும் ஆட்டினார். பட்டறைக் கேட்டில் வருகிறவர் போகிறவர் எல்லாரும் கை என்னாயிற்று என்று கேட்டிருப்பார்கள். இத்தனை வருடமும் தேவராஜ் ஒரே பதிலைச் சொல்லியிருப்பார்.

நான் எழுந்தேன். என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, தேவராஜ் ஒட்டிய விரல்களால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்க சார். உங்க டிவி மேல தப்பே இல்ல."